மூடியிருந்த நாற்பத்தைந்து நிமிடம்

மணி கேட்டால் நான் பிழையாகச் சொல்கிற ஆள் இல்லை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வெயில் வாசலில் எதுவரை ஏறி நிற்கிறது என்று பார்த்தே ஐந்து நிமிடம் முன்பின்னாகச் சொல்லிவிடுவேன். அதனால் நீங்கள் கேட்கிற கேள்வி எனக்கு ஒரு கேள்வியே இல்லை, பிள்ளை. எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தின் செயலாளர் ஞானசேகரம் போன ஓகஸ்ட் இருபத்திரண்டாம் திகதி, புதன்கிழமை, எத்தனை மணிக்கு இந்தக் கரையை விட்டுப் போனார் என்று அறிய வந்திருக்கிறீர்கள். காணாமற்போனவர்களின் ஃபைலில் அந்த ஒரு வரி மட்டும் பொருந்தாமல் நிற்கிறது என்கிறீர்கள்.

பொருந்தாதுதான். இங்கே நாங்கள் வைத்திருக்கிற அவருடைய கடல் பாஸ் நகலில் பிற்பகல் ஒன்று ஐம்பது என்று அச்சாகியிருக்கிறது. எதிர்த் தேத்தண்ணிக் கடை ஸைனுலாப்தீன் நானா, இரண்டரைக்குப் பிறகுதான் அவர் வள்ளத்தைத் தள்ளினார் என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறார். நானா பொய் சொல்லவில்லை. அந்தக் கடுதாசியும் தானாகப் பொய் சொல்லவில்லை. அவர் போனது இரண்டு முப்பத்தைந்துக்கு. இடையில் உள்ள நாற்பத்தைந்து நிமிடம் என் கையில் இருந்தது. அதைச் சொல்லுகிறேன், குறுக்கே கேட்காமல் எழுதுங்கள்.

என் பேர் குணேஸ்வரி. வயது நாற்பத்தெட்டு. கல்யாணம் கட்டவில்லை, அதைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை. சொந்த ஊர் சம்பூர். பதினேழு வருடம் அங்கே எழுத்து வேலை பார்த்தேன். இரண்டாயிரத்து ஆறில் ஊர் முழுக்க இடம்பெயர்ந்து எழும்பியபோது நானும் ஒரு பையோடு எழும்பினேன். இப்போது உப்புவெளியில் ஒன்றுவிட்ட தங்கச்சி வீட்டில் ஓர் அறை. காலையில் சைக்கிளில் இந்தத் துறைமுகக் கரைக்கு, சங்கக் கந்தோர் எழுத்து வேலைக்கு வருவேன், பொழுதுபட முன் திரும்பிப் போவேன்.

நேரத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அது தெரியாவிட்டால் உங்களுக்கு என்னை விளங்காது. தொண்ணூற்றாறில் அரசாங்கம் நாட்டின் மணிக்கூடுகளை எல்லாம் முன்னுக்குத் தள்ளியது. இயக்கத்தின் கையில் இருந்த எங்கள் பக்கத்தில் தள்ளவில்லை. பத்து வருடம் நாங்கள் டவுனைவிட அரை மணித்தியாலம் பின்னுக்கு இருந்தோம். இங்கே அலுவலுக்கு வந்தால் கந்தோர் பூட்டியிருக்கும், பஸ் போயிருக்கும். "சம்பூர் ஆக்களுக்கு இப்பதான் விடியுது" என்று சிரிப்பார்கள். பிறகு ஆறாம் ஆண்டு சித்திரையில் அரசாங்கமே பழைய நேரத்துக்குத் திரும்பி வந்தது. எங்களுடைய மணிதான் சரி என்று முழு நாடும் ஒத்துக்கொண்ட மாதிரி எனக்கு ஒரே சந்தோசம், புளுகம். அந்தப் புளுகம் பத்து நாள் இருந்தது. அதற்குப் பிறகு செல்லடிக்கத் தொடங்கி, மணி பார்க்க ஊரே இல்லாமல் போயிற்று.

இந்த மெஷினைப் பாருங்கள். சுனாமிக்குப் பிறகு ஒரு வெளிநாட்டு உதவிக்காரர் சங்கத்துக்குத் தந்த லப்டொப். தரும்போதே பழசு. எங்கோ ஒரு குளிர் நாட்டுக் கந்தோரில் உழைத்துக் களைத்துத்தான் இங்கே வந்தது. எழுத்துக் கட்டைகள் பாதி தேய்ந்துவிட்டன. பற்றறி செத்து எத்தனையோ நாள்; வயரில் கரண்ட் வந்தால்தான் உயிர். ஆனால் இந்தக் கரையின் அறுபத்து நான்கு வள்ளமும் இதற்குள்தான் இருக்கின்றன. எவருடைய வள்ளம், என்ன எஞ்சின், ஆர் ஆர் ஏறுகிறார்கள், எல்லாம்.

காலை ஆறு மணிக்குப் போகலாம், மாலை ஐந்துக்குள் கரையில் நிற்கவேண்டும். அதுதான் சட்டம். போகும்போது நான் பாஸ் அச்சடித்துக் கொடுப்பேன். வந்ததும் ஒவ்வொருவரும் இந்த மேசைக்கு முன் நின்று பேர் சொல்லவேண்டும். நான் கட்டையைத் தட்டுவேன், வந்த நேரத்தை மெஷினே போட்டுக்கொள்ளும். கடைசியில் அச்சடித்துக் கடற்படை முகாமுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். கையால் எழுதினால் செல்லாது. முன்பொருமுறை எவரோ பேனையால் ஆறை ஐந்தாக்கிவிட்டார்களாம். "மனிசன் பொய் சொல்லுவான், மெஷின் சொல்லாது" என்று முகாமில் ஒரு பெரியவர் சொன்னாராம். அந்தப் பெரியவரை நான் இன்றைக்கும் நினைத்துச் சிரிப்பதுண்டு.

ஐந்து மணிக்குப் பிந்தினால் அந்த ஆளை விசாரணைக்கு அழைப்பார்கள். சிலர் மூன்று நாளில் வந்தார்கள். சிலர் மூன்று மாதத்தில். இரண்டு பேர் இன்னும் வரவில்லை, அவர்களுடைய பேரும் உங்கள் ஃபைலில் இருக்கும்.

மெஷினுக்கு ஒரு வருத்தம், நோய் மாதிரி, இருந்தது. மூடியை மூடினால் அது நித்திரைக்குப் போகும், அதனுடைய மணியும் அப்படியே நின்றுவிடும். திறந்தால் நின்ற இடத்திலிருந்து ஓடும். பத்து நிமிடம் மூடியிருந்தால் பத்து நிமிடம் பின்னுக்கு. அதனால் நான் ஒவ்வொரு நாள் விடியவும் றேடியோச் செய்திக்கு முன் வருகிற மணிச் சத்தத்தைக் கேட்டு மெஷினின் மணியைத் திருத்துவேன். இந்த வருத்தம் எனக்கு மட்டும்தான் சரியாகத் தெரியும். மற்றவர்களுக்கு, கிழட்டு மெஷின், இடைக்கிடை மணி பிந்தும், அவ்வளவுதான்.

முதல்முறை நடந்தது நானாகச் செய்தது இல்லை. ஒரு நாள் ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்க, எல்லா வள்ளமும் வந்துவிட்டன என்று நினைத்து மூடியை மூடிவிட்டு முகம் கழுவப் போனேன். திரும்பி வந்தால் தங்கரத்தினம் வாசலில் நிற்கிறார், உடம்பெல்லாம் தண்ணி, பல்லோடு பல் அடிக்கிறது. எஞ்சின் வயர் அறுந்து தண்டு வலித்து வந்திருக்கிறார். மணி ஐந்து பதினெட்டு. "அக்கா, எனக்கு மூண்டு பொம்பிளைப் பிள்ளையள்" என்றார். நான் மூடியைத் திறந்தேன். மெஷின் நான்கு ஐம்பத்தைந்து என்று காட்டியது. அவருடைய பேரைத் தட்டினேன், அச்சடித்தேன், கொண்டுபோய்க் கொடுத்தேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

அது கடவுள் செய்த வேலை. அடுத்தடுத்தது எல்லாம் நான் செய்தேன். ஐந்து மணி கிட்டக்கிட்ட எந்த வள்ளம் வரவில்லை என்று பார்ப்பேன், மூடியை மெதுவாகச் சாத்துவேன், அந்த ஆள் வாசலுக்கு வந்தபிறகு திறப்பேன். அந்த ஒரு வருடத்துக்குள் நாற்பத்தொரு பேர். கொப்பியில் எழுதி வைக்கவில்லை, மனதில் இருக்கிறது. வேண்டுமென்றால் ஒவ்வொரு பேராகச் சொல்கிறேன். இந்தக் கரையில் அரசாங்கம் செய்யாததை, கோயில் செய்யாததை, வெள்ளைக்காரர் செய்யாததை நான் ஒரு மூடியை வைத்துச் செய்தேன். அதற்காக வெட்கப்படச் சொன்னால் என்னால் ஏலாது.

ஆக்களுக்கு வாயால் சொல்லாமலே விளங்கிவிட்டது. நான் சைக்கிளில் வந்து இறங்கினால் சைக்கிளை வாங்கி நிறுத்த ஆள் வரும். எனக்கென்று பாரை மீன் ஒரு துண்டு வாழையிலையில் சுற்றி இருக்கும். டவுனில் மணி தெரியாதவள் என்று சிரிபட்டவளை, வயதுக்கு மூத்த ஆம்பிளைகளும் "அக்கா" என்றார்கள். நான் அதைக் கேட்டு வாங்கவில்லை. வந்ததை வேண்டாம் என்று சொல்லவுமில்லை.

எல்லாருக்கும் மூடி மூட ஏலாது, அதையும் எழுதுங்கள். சின்னராசா என்று ஒருவர் இருந்தார், வாய்க்காரர். ஒருநாள் பாஸ் எடுக்க நின்ற வரிசையில், "சம்பூர்க்காரியிட்ட மணியைக் குடுத்திருக்கிறாங்கள், பாருங்கோவன் கூத்தை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டு கிழமை கழித்து அவர் பன்னிரண்டு நிமிடம் பிந்தி வந்தார். அன்றைக்கு மூடி திறந்திருந்தது. நான் அவருக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. மெஷின் காட்டிய நேரம் சரியான நேரம். எழுபது நாள் கழித்துத் திரும்பி வந்தார். இப்போது கடலுக்குப் போவதில்லை, வீட்டு வாசலில் இருக்கிறார். ஆரோடும் கதைப்பதில்லை என்று கேள்வி.

ஞானசேகரம் செயலாளராக வந்தது ஏழாம் ஆண்டு வைகாசியில். நல்ல மனிசன், அதை மறைக்கமாட்டேன். எஞ்சின் திருத்துவார், சொந்த வள்ளமும் இருந்தது. சேர்ட் பொக்கற்றில் எப்போதும் ஒரு சின்னத் திருப்புளி. பழுதான சாமானைக் கண்டால் கை சும்மா இராது. நல்ல மனிசர்களிடம் இதுதான் கரைச்சல், ஒன்று ஓடிக்கொண்டிருந்தாலும் அதைச் சரியாக ஓடவைக்கவேண்டும் என்பார்கள்.

ஒரு பின்னேரம் அச்சடித்த தாளையும் தன் கை மணிக்கூட்டையும் பார்த்தார். இருபது நிமிடம் வித்தியாசம். அடுத்த ஞாயிறு அக்கரையில் இருக்கிற கிண்ணியாவுக்குப் போய், அங்கே கொம்பியூட்டர் திருத்துகிற ஜமால்தீன் நானாவிடம் விசாரித்து வந்தார். பிறகு கூட்டம் கூட்டினார்.

"இது இந்த மொடலுக்கே உள்ள வருத்தமாம்," என்றார் கூட்டத்தில். "மெஷினுக்குப் பிறக்கேக்கையே வைச்ச புத்தி ஒண்டிருக்காம். ஃபேம்வேர் எண்டு சொல்லுறது. அதில பிழை. செய்த கொம்பனியே ரெண்டு வரியத்துக்கு முதல் திருத்தி விட்டிருக்கு. சீடியில கொண்டுவந்து போட்டா பத்து நிமிச வேலை. பிறகு மணி பிந்தாது."

"அந்தப் பத்து நிமிசத்துக்குள்ள கரண்ட் போனா?" என்று நான் கேட்டேன்.

அவர் மறைக்கவில்லை. "போனா மெஷின் செத்துப்போகும். திருப்பி எழுப்ப ஏலாது."

"பற்றறியும் இல்லை. கரண்ட் ஒரு நாளைக்கு நாலு தரம் போகுது. மெஷின் செத்தா அறுபத்து நாலு அடுப்பும் எரியாது. சும்மா கிடந்த சங்கை ஏன் ஊதிக் கெடுப்பான்?"

எல்லோரும் தலையாட்டினார்கள். நியாயமான கதைதானே. இப்போது நீங்கள் கேட்டாலும் நியாயமாகத்தான் இருக்கும். சீடி போடுவதா விடுவதா என்று முடிவில்லாமல் கூட்டம் கலைந்தது. நான் நிம்மதியாக உப்புவெளிக்குச் சைக்கிள் மிதித்தேன்.

ஆனால் அந்த மனிசன் விடவில்லை. மூன்றாம் நாள் ஒரு லொறிக்காரரிடம் பழைய கார் பற்றறியும், அதை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற ஒரு பெட்டியும் வாங்கி வந்து இந்த மேசைக்குக் கீழே வைத்தார். "இனி கரண்ட் போனாலும் ஒரு மணித்தியாலம் தாங்கும் அக்கா" என்றார். சிரித்த முகம். என்னுடைய நியாயம் முழுவதையும் ஒரு பற்றறியால் முடித்துவிட்டார். எனக்கு அப்போது வந்த கோபத்தை நான் ஒருவருக்கும் காட்டவில்லை.

அன்றைக்கே, மேசைக்குக் கீழே குந்தியிருந்து வயர் பூட்டிக்கொண்டே கேட்டார். வள்ளங்கள் எல்லாம் கடலில், கந்தோரில் நாங்கள் இரண்டு பேரும்தான்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. நீங்கள் வேணுமெண்டுதான் மூடியைச் சாத்துறியள். நான் நாலு நாளாப் பாத்தனான்."

நான் இல்லை என்று சொல்லவில்லை. பொய் எனக்குப் பிடிக்காது. "எத்தின பேரைக் காப்பாத்தியிருக்கிறன் தெரியுமே உமக்கு?" என்றேன்.

"தெரியும். என்ர மச்சானும் அதில ஒருத்தன். நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன், பிள்ளையாணை. ஆனா இது கனநாளைக்கு ஓடாது. முகாம் வாசல்ல புதுசா ஒரு மணிக்கூடு கொழுவியிருக்கிறாங்கள். வள்ளம் கரைக்கு வரேக்கை ஆரும் ஒருத்தன் அதைப் பாத்திட்டு, பிறகு உங்கட தாளையும் பாத்தானெண்டா? உங்களையும் கொண்டுபோவாங்கள், அறுபத்து நாலு வள்ளத்தையும் கட்டிப் போடுவாங்கள்."

"அப்ப பிந்தி வாறவன் என்ன செய்யிறது?"

"பதினைஞ்சு நிமிசம் சலுகை கேக்கிறன். முகாமில கதைச்சுக்கொண்டிருக்கிறன், குடுப்பாங்கள் போல கிடக்கு. கேட்டு வாங்குவம் அக்கா, களவாய் வேண்டாம்."

இதிலும் நியாயம் இருந்தது. நான் நியாயத்தைக் கேட்காத ஆள் இல்லை. ஆனால் சலுகை அவர்கள் கொடுப்பது. இன்றைக்குக் கொடுப்பார்கள், நாளைக்குப் பறிப்பார்கள். மூடி என்னுடையது.

அவர் எழும்பி, கையைத் துடைத்து, திருப்புளியைப் பொக்கற்றில் வைத்தார். வாசல்வரை போனவர் திரும்பி நின்றார்.

"ஒண்டு மட்டும் எனக்கு விளங்கேல்லை. சின்னராசா அண்ணைக்கு ஏன் மூடேல்லை?"

அவர் பதிலுக்கு நிற்கவில்லை. இந்தக் கேள்விக்கும் பிறகு நடந்ததற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதை நீங்கள் அப்படியே எழுதவேண்டும். நான் செய்தது நாற்பத்தொரு பேருக்காகவும், இனிமேல் பிந்தப்போகிறவர்களுக்காகவும். ஒருவர் வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டார் என்பதற்காக எதையும் செய்கிற ஆள் நான் இல்லை.

சீடிக்குத்தான் எல்லாம் காத்திருந்தது. ஜமால்தீன் நானா அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். ஞானசேகரம் நாளுக்கு இரண்டுதரம் வந்து, "வந்திட்டுதோ அக்கா?" என்பார். வரவில்லை என்று சொன்னேன். மூன்று கிழமை அப்படிச் சொன்னேன். அவருக்குப் பொறுக்கவில்லை. "நானே போய் எடுத்திட்டு வாறன்" என்றார். அந்தக் கிழமை கிண்ணியாப் பாதையை மறித்திருந்தார்கள், பஸ் இல்லை. வள்ளத்தில் குறுக்கே போய் வரலாம். ஆனால் மீன் பிடிக்கிற பாஸில் அக்கரைக்குப் போக விடமாட்டார்கள். அதற்குத் தனிப் பாஸ். அச்சடித்த நேரத்திலிருந்து இரண்டு மணித்தியாலம் மட்டும் செல்லும், ஒரு நிமிடம் கூடினாலும் செல்லாது.

பாஸை நாங்கள் எப்படிக் கொடுப்போம் என்று உங்களுக்குத் தெரியாது. கடுதாசி நனைந்தால் குற்றம். அதனால் எழுத்து உள்ளுக்கு வர நாலாக மடித்து, பொலித்தீனில் போட்டு, வாயை மெழுகுதிரியில் காட்டி ஒட்டுவோம். ஒட்டியது பிரிந்திருந்தாலும் குற்றம், காவல் படகில் நிற்கிறவர்கள்தான் பிரித்துப் பார்க்கலாம். வாங்கிப் போகிறவன் தன்னுடைய பாஸில் என்ன நேரம் போட்டிருக்கிறது என்று பார்ப்பதே இல்லை. பார்க்கவும் தேவையில்லை, முன்னுக்கு நிற்கும்போதுதானே அச்சாகிறது. இந்தக் கரையில் எல்லோரும் அப்படி நம்பித்தான் வாங்குவார்கள்.

அந்தப் புதன்கிழமை ஒன்றே முக்காலுக்கு, அவர் வள்ளத்துக்கு எண்ணெய் ஊற்றுவதை இந்த ஜன்னலால் கண்டேன். ஒன்று ஐம்பதுக்கு மூடியைச் சாத்தினேன். எந்தச் சத்தமும் இல்லாமல் மூடும் இந்த மெஷின், அதில் ஒரு குறை சொல்ல ஏலாது. அதற்கு மேல் ஒரு மேசைத்துணியைப் போட்டுவிட்டுப் பத்திரிகை வாசித்தேன்.

அவர் வந்தது இரண்டரை தாண்டி. குளித்து, தலை இழுத்துச் சீவி, சுத்தமான சேர்ட் போட்டிருந்தார். மூடியைத் திறந்து, தனிப் பாஸ் அச்சடித்து, அவர் தன் மனைவிக்குப் போன் எடுத்துக் கதைத்துக்கொண்டிருக்கும்போதே மடித்தேன், பொலித்தீனில் போட்டேன், மெழுகுதிரி கொளுத்தி ஒட்டினேன். ஒரு மூலைகூடக் கருகவில்லை. நீங்கள் கேட்கமாட்டீர்கள், அதனால் நானே சொல்கிறேன்.

"போய்வர ஒண்டேகால் மணித்தியாலம். ஜமால்தீன் நானா ஒரு தேத்தண்ணி குடிக்காமல் விடார், அதுக்கொரு இருபது நிமிசம். நேரம் தாராளம்," என்றார்.

"ஓம், தாராளம்," என்றேன். "கவனமாப் போட்டு வாங்கோ."

நாலரைக்கு முன் வந்துவிடலாம் என்று அவர் கணக்கு. பாஸ் முடிவது மூன்று ஐம்பதுக்கு. அவர் போன கையோடு மெஷினின் மணியைச் சரிப்படுத்திவிட்டேன், மற்ற ஆக்களுக்குக் கரைச்சல் வரக்கூடாதே. நான்கு பதினைந்துக்குக் காவல் படகு அவரை மறித்தது என்று, வலை இழுத்துக்கொண்டு நின்ற ஒரு கிண்ணியா வள்ளக்காரர் பிறகு சொன்னார். பொலித்தீனைப் பிரித்துப் பார்த்தார்களாம். அவர் தன் கை மணிக்கூட்டைக் காட்டிக் காட்டி ஏதோ சொன்னாராம். பிறகு அவருடைய வள்ளத்தைத் தங்களுடையதோடு கட்டி இழுத்துக்கொண்டு போனார்களாம். அவ்வளவுதான் எவருக்கும் தெரியும். முகாமில் கேட்டால் அப்படி ஒரு ஆள் வரவே இல்லை என்கிறார்கள்.

ஐந்து மணிக்கு அவருடைய பேருக்கு நேரே 'திரும்பவில்லை' என்று தட்டினேன். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் தட்டினேன். தாளை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன், வழக்கம்போல.

அவருடைய மனைவி ஒவ்வொரு பின்னேரமும் ஐந்து மணிக்கு இங்கே வருகிறார். வந்து, "ஏதும் அறிஞ்சியளோ அக்கா?" என்பார். கதிரை போட்டுக் கொடுப்பேன், தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன். அழுதால் கையைப் பிடித்துக்கொண்டு இருப்பேன். எனக்கும் அழுகை வரும். அது நடிப்பு இல்லை. மனிசி சோறு தின்பதில்லை. ஒருநாள் அந்தக் கார் பற்றறியைக் கண்டு, "இது இவற்ற சாமானல்லே" என்றார். நான் உடனே லொறி பிடித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அவர்களுடைய பொருள் நமக்கு எதற்கு.

உங்கள் பேனை நின்றுவிட்டது, பிள்ளை. எழுதுங்கள். என்னைக் கொலைகாரி என்று எழுத விருப்பமென்றால் அதையும் எழுதுங்கள், நான் கையெழுத்து வைக்கிறேன். ஆனால் அதற்குக் கீழே நாற்பத்தொரு பேரின் பேரையும் எழுதவேண்டும். நாற்பத்தொரு தாலி ஒரு பக்கம், ஒரு தாலி மறுபக்கம். எந்தக் கோர்ட்டிலும் எந்தக் கோயிலிலும் நான் இதைச் சொல்லுவேன். அவருக்குப் பிறகு இந்த நாலைந்து மாதத்தில் எத்தனை பேருக்கு மூடினேன் என்று கேட்கிறீர்கள். ஒருவருக்கும் இல்லை. அவருக்கு நடந்ததைப் பார்த்த பயத்தில் எல்லோரும் நாலு மணிக்கே கரைக்கு வந்துவிடுகிறார்கள். அதற்கு நான் என்ன செய்ய?

இன்னும் ஒன்று இருக்கிறது. ஜமால்தீன் நானாவிடம் நீங்கள் போனால் அவர் எப்படியும் சொல்லுவார், அதனால் நான் முந்திக்கொள்கிறேன். இந்த மேசை லாச்சியைத் திறவுங்கள். மேலே இருக்கிற மெழுகுதிரிப் பெட்டியைத் தூக்குங்கள். ஓம், அதுதான் அந்தச் சீடி, இப்படித் தாருங்கள். ஜமால்தீன் நானா சொன்ன சொல் தவறாதவர். பாதை மறிக்க முன்னமே, ஓகஸ்ட் முதலாம் திகதி, கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் மரக்கறி கொண்டுவருகிற பல்கீஸிடம் கொடுத்து அனுப்பினார். பல்கீஸ் அதை என் கையில் தந்தார். ஞானசேகரம் வந்திட்டுதோ வந்திட்டுதோ என்று கேட்ட மூன்று கிழமையும் இது இந்த இடத்தில்தான் இருந்தது.

அக்கரையில் தேத்தண்ணி குடிக்கும்போது நானா அதை அவருக்குச் சொல்லியிருப்பார். "எப்பவோ அனுப்பிட்டேனே தம்பி, உங்கட குணேஸ்வரிக்கிட்ட" என்றுதான் சொல்லியிருப்பார். திரும்பி வரும்போது அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டு வருவார் என்று, நான் அந்தப் பொலித்தீனை ஒட்டும்போதே எனக்கும் தெரியும்.

சீடியைத் தாருங்கள், புதுச் செயலாளரிடம் கொடுத்து இன்றைக்கே மெஷினில் போடச் சொல்லுகிறேன் என்று கை நீட்டுகிறீர்கள். கோபிக்காதீர்கள், பிள்ளை, அது ஏலாது. இப்போது கார் பற்றறியும் இல்லை. போட்டுக்கொண்டிருக்கும்போது கரண்ட் நின்றால், இத்தனை குடும்பத்துக்குச் சோறு போட்ட மெஷின் இந்த மேசையிலேயே செத்துப்போகும். அப்படி ஒரு பாவத்தைச் செய்ய எனக்குக் கை வராது.